பாடிப் பாடி மரம் வளர்த்த கவியரசர்

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டி வாழும் நமக்கு வானமே நாட்காட்டி. கோடை வெயிலில் பாத்திகளில் உப்பு விளையும். மழை இறங்கினால் வேலை நின்றுவிடும். ஆயினும் வகுப்பறைக்குள் நுழைந்ததும் அவ்வானத்தை நாம் மறந்துவிடுகிறோம். இயற்கையையும் கல்வியையும் இவ்வாறு பிரித்தல் தகாது எனக் கருதிய ஒருவரின் வாழ்வை இங்குக் காண்போம். அவரே கவியரசர் இரவீந்திரநாத் தாகூர்.

1861-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்த தாகூருக்கு, நான்கு சுவர்களுக்குட்பட்ட பள்ளி சிறு வயதில் சிறைபோல் தோன்றிற்று. எனவே 1901-ஆம் ஆண்டு, வங்காளத்துச் சாந்திநிகேதனில் ஐந்து மாணவர்களுடன் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். மரநிழலே அங்கு வகுப்பறை. மழைக்கும் வசந்தத்துக்கும் அவர் பாடல்கள் இயற்ற, பிள்ளைகள் கூடிப் பாடினர். சேர்ந்து பாடுவோர் ஒருவர் குரலை மற்றவர் செவிமடுத்தல் வேண்டும் அல்லவா? காற்றையும் பறவையையும் செவிமடுக்க அதுவே நல்ல பயிற்சியாயிற்று.

அந்நாட்களில் துயரங்கள் அவரை விடாது தொடர்ந்தன. 1902-இல் மனைவியார், 1903-இல் மகள், 1905-இல் தந்தையார் மறைந்தனர். 1907-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இளைய மகன் சமீந்திரன் பள்ளித் தோழர்களைக் கூட்டி, பருவங்களைப் போற்றும் விழாவொன்றை நடத்தினான். அவ்வாண்டு நவம்பரிலேயே வாந்திபேதி அவனைக் கொண்டு சென்றது. பதினொரு வயதுகூட நிறையவில்லை.

தாகூர் மனமுடைந்து பள்ளியை மூடிவிடவில்லை. மறு ஆண்டே, மழைக்குப்பின் வரும் சரத் காலத்தைக் கொண்டாட, அப்பிள்ளைகள் பாடி நடிப்பதற்கென்றே ‘சாரதோத்சவம்’ என்னும் நாடகத்தை எழுதினார். மகன் தொடங்கியது மகனோடு முடியவில்லை. வசந்த விழா சாந்திநிகேதனின் பெருவிழாவாய் வளர்ந்தது.

1913-இல் நோபல் பரிசு பெற்று உலகப் புகழ் எய்திய பின்னும் அவர் பிள்ளைகளை மறக்கவில்லை. 1928-இல் மரம் நடு விழாவைத் தொடங்கினார். மாணவர்கள் மரக்கன்றை அலங்கரித்து, பாடியும் ஆடியும் ஊர்வலமாக எடுத்துச் சென்று நட்டனர். 1941 ஆகஸ்டு 7-ஆம் நாள் அவர் மறைந்தார். ஆண்டுதோறும் அவர் நினைவு நாளில் அங்குப் பாட்டுடன் மரக்கன்று நடுகின்றனர்.

நம்மில் பலர் வீடுகளில் மழைக்காலம் வருமானம் குன்றும் காலம், உண்மைதான். ஆனால் அம்மழையே கழுவெளி ஏரியை நிரப்பிப் பறவைகளை அழைத்து வருகிறது. துயரத்திலும் பருவத்தை வரவேற்ற கவியரசரைப்போல் நாமும், அடுத்த மழைக்கு ஒரு பாடலைக் கூடிப் பாடி ஒரு பனங்கொட்டையாவது ஊன்றுவோமாக!