பஸ்கால்: அளந்தவரும் அளவின் எல்லையும்

இடம்பெயர்ந்திருந்த காலத்தில், தறப்பாள் கொட்டிலொன்றில் நடந்த விஞ்ஞான வகுப்பில்தான் பஸ்கால் என்ற பெயரை முதலில் கேட்டேன். அமுக்கத்தின் அலகு என்று கொப்பியில் எழுதிக்கொண்டோம். அந்தப் பெயருக்குரியவர் அறிவின் எல்லையைப் பற்றியும் ஆழமாக யோசித்த ஒரு கிறிஸ்தவர் என்பது, பல வருடங்களின் பின் ஊடகக் கற்கை படித்தபோதுதான் தெரியவந்தது.

பிளேஸ் பஸ்கால் 1623 ஜூன் 19 ஆம் திகதி பிரான்ஸின் கிளெர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். தந்தை எத்தியன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பித்தார். பின்னர் ரூவான் நகரில் வரி அதிகாரியாக இருந்த தந்தை ஓயாத கணக்குகளோடு மல்லுக்கட்டுவதைக் கண்ட மகன், 19 வயதளவில் கணக்குப் பொறியொன்றைச் செய்யத் தொடங்கினார். சுமார் 50 மாதிரிகளைச் செய்து பார்த்தபின்னரே அது அவருக்குத் திருப்தியாக அமைந்தது.

இயற்கை வெற்றிடத்தை அனுமதிக்காது என்பது அக்காலத்தில் வழிவழியாக ஏற்கப்பட்டிருந்த கருத்து. பஸ்கால் அதைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். நோயாளியான அவர் கேட்டுக்கொண்டபடி, 1648 செப்டெம்பர் 19 அன்று அவரது அக்காவின் கணவர் புளோரன் பெரியே இரசக் குழாயுடன் பியூய் து டோம் மலையில் ஏறினார். கீழே மடாலயத் தோட்டத்தில் இன்னொரு குழாயை ஒரு துறவி நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இரசத்தின் மட்டம் மாறவில்லை. மலையுச்சியிலோ மூன்று அங்குலத்துக்கும் மேல் இறங்கியிருந்தது. வளிக்கு நிறை உண்டு என்பதற்கு அது வலுவான சான்றானது. பௌதிக விடயங்களில் பழைய நூல்களின் அதிகாரம் செல்லாது, பரிசோதனையே தீர்ப்புச் சொல்லும் என்பதில் பஸ்கால் உறுதியாக இருந்தார்.

1651 இல் தந்தை இறந்தார். அடுத்த வருடம் தங்கை ஜாக்லின் போர்ட்-ரோயல் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். 1654 இல் கணித அறிஞர் ஃபெர்மாவுடனான கடிதங்களில் நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளமிட்ட பஸ்கால், அதே வருடம் நவம்பர் 23 ஆம் திகதி இரவு ஏறத்தாழ இரண்டு மணிநேரம் ஆழ்ந்த இறையனுபவமொன்றுக்குள் சென்றார். அதைக் குறித்துவைத்த தாளை மேற்சட்டையின் உட்துணியில் தைத்து வைத்திருந்தார். யாருக்கும் சொல்லவில்லை. அவர் இறந்தபின்னரே வேலையாள் ஒருவர் அதைக் கண்டெடுத்தார்.

அதன்பின்னரும் அவர் அறிவைக் கைவிடவில்லை. கிறிஸ்தவ நம்பிக்கைக்காக ஒரு நூல் எழுத எண்ணித் துண்டுத் தாள்களில் குறித்துவந்தார். அவை 1670 இல், அவர் மறைந்தபின், 'சிந்தனைகள்' என வெளியாகின. அறிவை ஒதுக்குவதும் தவறு, அறிவு ஒன்றே போதும் என்பதும் தவறு என்பது அவர் நிலைப்பாடு. தனக்கு எட்டாதவை உண்டென்று காணும் இடத்துக்கும் அறிவே மனிதனைக் கூட்டிச்செல்கிறது என்றார். முதற் கோட்பாடுகளையும் இறைவனையும் மனிதன் இதயத்தால் உணர்கிறான் என்று நம்பினார்.

அறிவொளிக் காலத்தின் பெருங்குரலான வோல்தேர், 1734 இல் இக்கருத்துகளைக் கடுமையாக விமர்சித்தார். பஸ்கால் மனிதரின் துயரத்தை மிகைப்படுத்துகிறார் என்பது அவரது குறை. ஆனால் 1755 இல் லிஸ்பன் நகரைப் பூமியதிர்ச்சி சிதைத்தபோது, எல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தை எதிர்த்துக் கவிதை எழுதியவரும் அதே வோல்தேர்தான்.

1662 இல் பஸ்கால் தன் வீட்டில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இடம் கொடுத்திருந்தார். அவர்களின் பிள்ளைக்கு அம்மை கண்டது. அவர்களை வெளியேற்ற மனமில்லாமல், கடும் நோயிலிருந்த அவரே வீட்டைவிட்டு அக்கா ஜில்பேர்த்தின் வீட்டுக்குப் போனார். அங்கேயே ஓகஸ்ட் 19 அன்று, 39 வயதில் இறந்தார்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளைச் சந்திக்கும்போது நானும் திகதி, இடம், எண்ணிக்கை என்றுதான் கேட்கத் தொடங்குகிறேன். அவை கட்டாயம் வேண்டும். ஆதாரம் இல்லாத இடத்தில் பொய் இலகுவாகக் குடியேறிவிடும். ஆனால் கேள்விகளெல்லாம் முடிந்தபின்னும் ஒரு தாய் எழும்பிப் போகாமல் இருப்பார். அவருக்குச் சொல்ல இன்னும் இருக்கிறது. கொப்பியை மூடிவைத்துவிட்டு அதையும் கேட்க வேண்டும் என்பதைப் பஸ்காலின் வாழ்க்கையை வாசித்தபின்தான் நான் பழகிக்கொண்டேன்.