திவான் சேஷாத்ரி ஐயரும் சிவசமுத்திர மின்சாரமும்

மூக்கண்டப்பள்ளி ஆலைகளின் ஓசைக்கு நடுவே வளரும் நம் சங்கத்துப் பிள்ளைகட்கு மின்சாரம் என்பது காற்றும் வெயிலும் போல இயல்பாய் அமைந்ததொரு பொருள். நமக்கு அண்மையிலுள்ள மைசூர் நாட்டில், காவிரி வீழ்ச்சியினின்று அதனைப் பெறத் துணிந்த ஒருவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஸர் கே. சேஷாத்ரி ஐயர் 1845-ஆம் ஆண்டு பாலக்காட்டையடுத்த குமாரபுரத்திற் பிறந்தார். சென்னை இராசதானிக் கல்லூரியிற் பயின்று, 1868-இல் மைசூர் சமஸ்தான உத்தியோகம் புகுந்தார். 1883-இல் ரங்காசார்லு காலமாகவே, திவான் பதவி இவரை அடைந்தது. அப்பதவியில் பதினெட்டு ஆண்டு இருந்தார். இருப்புப்பாதை, பெங்களூர்க் குடிநீர் முதலியவற்றைப் பிறர் விரிப்பர், யாம் விடுக்கின்றோம்.

அக்காலத்தில் கோலார்த் தங்கச் சுரங்கங்கள் விறகும் நிலக்கரியும் எரித்து, நீராவியால் இயங்கின; செலவோ மிகுதி. சிவசமுத்திரத்தில் காவிரி வீணே வீழ்ந்துகொண்டிருந்தது. அந்நீரைக் கால்வாயால் ஒதுக்கி, இரும்புக் குழாய் வழியே சற்றேறக்குறைய 400 அடி இறக்கினால், அதன் விசை சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் மின்பொறியைச் சுழற்றும். நீரோ குறைவின்றி மீண்டும் ஆற்றையே சேரும். கீழ்நாட்டு உழவர்க்கு இதனால் ஒரு துளியும் நட்டமில்லை என்பது கருதத்தக்கது.

இத்திட்டத்தை வகுத்தவர் ஜோலி டி லாட்பினியர் என்னும் பொறியாளர். ஆயின், 92 மைல் தூரம் கம்பியிற் சக்தியைச் செலுத்துதல் இந்நாட்டில் எவரும் செய்து காணாத செயல். 1897-இல் டார்ஜிலிங்கில் அமைந்த நிலையம் அவ்வூர் விளக்குகட்கே போதியதாயிருந்தது. கம்பி பயன்படாதொழியின் சமஸ்தானத்துப் பெரும்பொருள் காவிரியிற் கரைத்த புளியாகும். பழி முழுதும் திவான் தலைமேலேயே விழும். சென்னை மாகாணத்தாரையே உயர் பதவிகளில் நிரப்பினார் என்று மைசூர் மக்கள் முன்னரே அவரைக் குறைகூறி வந்தனர். அக்குறையை முற்றும் பொய்யென்று யாம் சொல்லத் துணியோம். அத்தகைய நிலையிலும் அவர் பொறியாளரை மேலைநாடுகட்கு அனுப்பி ஆராய்வித்தார். பின்னர் வேலையைத் தொடங்குவித்தார். ஆறு மின்பொறிகள், ஒவ்வொன்றும் 720 கிலோவாட். இற்றை நாள் அளவில் இது சிறு நிலையமே.

வேலை நடந்துகொண்டிருக்கையில் அவர் உடல்நலம் குன்றியது. 1901-ஆம் ஆண்டு பதவியினின்று விலகினார். அவ்வாண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் காலமானார். ஒன்பது திங்கள் கழித்து, 1902 ஜூன் 30-இல் சிவசமுத்திர மின்சாரம் கோலார்ச் சுரங்கங்களை அடைந்தது. 1905 ஆகஸ்டில் பெங்களூர்த் தெருக்களில் அதே மின்சாரத்தால் விளக்குகள் எரிந்தன.