அறிஞர் சித்திலெப்பையும் ஒரு பள்ளிவாசல் வளாகமும்

பள்ளி என்னும் சொல்லைச் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். சமண முனிவர் உறைந்த இடத்தை நம் முன்னோர் பள்ளி என்றனர். கல்விச்சாலைக்கும் அதுவே பெயராயிற்று. பின்னர் இசுலாம் இம்மண்ணில் வேரூன்றியபோது, தொழுகைக்குரிய இல்லத்தைப் பள்ளிவாசல் என்று அழைக்கத் தமிழ் முஸ்லிம்களுக்கு அச்சொல்லே கைகொடுத்தது. நன்னூல் தந்த பவணந்தியாரைத் தம்மவராகக் கொண்டாடும் கொங்குநாட்டில், அமராவதிக் கரையிலுள்ள நம் தாராபுரத்தில், காலையில் தலையில் தொப்பியும் முக்காடும் அணிந்து பள்ளிவாசலுக்கு ஓதப்போகும் சிறார் கூட்டம் எவர்க்கும் பழகிய காட்சியே. ஓதும் பள்ளியும் படிக்கும் பள்ளியும் ஒரே வளாகத்தில் இருக்கலாகாதா என்று நூறாண்டுக்கு முன்னரே கேட்டு, அதற்காகத் தம் வாழ்வின் பின்பாதியைச் செலவிட்ட ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைந்தேன். அவர் பிறந்தது கடலுக்கு அப்பால் கண்டியில்; எழுதியதோ நம் தமிழில்.

முகம்மது காசிம் சித்திலெப்பை 1838ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள் பிறந்தார். அவர்தம் தந்தையார் இலங்கை முஸ்லிம்களுள் முதன்முதலாக வழக்கறிஞர் தொழில் ஏற்றவர். வீட்டில் அரபும் தமிழும், வெளியே ஆங்கிலமும் பயின்ற மகனும் தந்தை வழியே நடந்து 1860களில் வழக்கறிஞரானார். கண்டி நகர்மன்றத்திலும் இடம்பெற்றார். தொழிலும் மதிப்பும் வளர்ந்து வந்த நிலையில், அவர் நெஞ்சை உறுத்திய செய்தி வேறொன்று.

அக்காலத்து இலங்கையில் பள்ளிக்கூடம் என்றால் பெரும்பாலும் பாதிரிமார் பள்ளிக்கூடமே. 1869இல் கல்வித் திணைக்களம் ஏற்பட்டு, நன்கொடை முறை நடைமுறைக்கு வந்தபோது அரசின் பொருளுதவியில் பெரும்பங்கு அப்பள்ளிகளுக்கே சென்றது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் இந்நிலையை முன்னரே உணர்ந்து சைவப் பள்ளிகளைக் கண்டார். கர்னல் ஆல்காட் 1880இல் வந்திறங்கியபின் பௌத்தர்களும் அவ்வழியில் முனைந்தனர். முஸ்லிம் பெற்றோரோ, பிள்ளைகள் மதம் மாறிவிடுவர் என்று அஞ்சி அவர்களை ஆங்கிலப் பள்ளியின் வாயிலை மிதிக்க விடவில்லை. அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது. அதில் நியாயமும் இருந்தது. எனினும் அதன் விளைவாகக் குர்ஆனை ஓதத் தெரிந்த சிறுவனுக்குத் தன் கடைக் கணக்கை எழுதவோ, நீதிமன்றத்து ஆவணத்தைப் படிக்கவோ இயலவில்லை. வழக்கறிஞராகிய சித்திலெப்பை இதனைத் தம் தொழிலிலேயே கண்டிருத்தல் வேண்டும் என்பது என் துணிபு. படிக்கத் தெரியாதவன் கைந்நாட்டு வைத்துச் சொத்திழப்பதை வழக்கறிஞரைவிட அணுக்கமாகக் காண்பவர் யார்?

1882 திசம்பரில் அவர் 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ்க் கிழமை இதழைத் தொடங்கினார். அடுத்த சனவரியிலேயே, எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தெல்-எல்-கபீர் போரில் தோல்வியுற்ற ஒராபி பாஷா நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கினார். ஓர் இதழாசிரியருக்கு இதனினும் பெரிய செய்தி வாய்த்தல் அரிது. சித்திலெப்பை அவரைச் செய்தியாக மட்டும் கொள்ளாது நண்பராகவும் கொண்டார். இருவரும் கூடிப் பேசியதெல்லாம் கல்வி பற்றியே எனலாம். தம் நாட்டை இழந்த படைத்தலைவர் ஒருவர், தாம் அறியாத தமிழ் பேசும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திற்காக மேடை ஏறியமை நினைக்குந்தோறும் வியப்பளிப்பது.

1884இல் கொழும்பில் முதற்பள்ளி திறக்கப்பட்டது. அது நிலைக்கவில்லை. திறப்பு விழாவிற்குக் கூடிய கூட்டம் மாதச் செலவிற்குக் கூடவில்லை; சில ஆண்டுகளில் கதவடைத்தது. இலக்கிய வட்டம் நடத்தும் நமக்கு இவ்வனுபவம் விளக்க வேண்டாதது. ஆங்கிலம் கற்பித்தால் மார்க்கம் கெடும் என்ற எதிர்ப்பும் ஒருபுறம் இருந்தது. அவர் விடவில்லை. கண்டியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்து, அதனை நடத்தும் பொறுப்பைத் தம் சகோதரியிடமே ஒப்படைத்தார். பெண்கல்வியை ஊரார் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் உபதேசித்தவர் அல்லர் அவர்.

அவருடைய எழுத்துப் பணியுள் நம் வட்டத்தார்க்கு மிகவும் உரியது 1885இல் வெளிவந்த 'அசன்பே சரித்திரம்'. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' நூலாக வந்து ஆறாண்டுகளே கழிந்திருந்தன. 'கமலாம்பாள் சரித்திரம்' இன்னும் பிறக்கவில்லை. ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமென இதனை வைத்து எண்ணுவோர் பலர். எகிப்தின் உயர்குடியிற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரைப் பிரிந்து, இந்தியாவில் வளர்ந்து, கல்வியால் உயர்ந்து தாயகம் மீளும் ஓர் இளைஞனின் கதை அது. தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி. பாத்திரங்கள் நல்லவர், தீயவர் என்று இருபுறமாக நின்றுவிடுகின்றனர். இவற்றைக் குறையென்று சுட்டலாம். ஆயினும் தமிழ்க் கதையொன்று கெய்ரோவிற்கும் இந்திய நகரங்களுக்கும் இடையே இவ்வளவு இயல்பாகப் பயணம் செய்தது அதுவே முதன்முறை என்று கருதுகிறேன். கதைநாயகன் கல்வியால் உயர்வதைப் படிக்கும்போது, ஆசிரியர் இதழிலும் மேடையிலும் வற்புறுத்தியதையே இங்கும் சொல்லுகிறார் என்பது விளங்கும்.

தமிழர்க்குச் சிறிது கசப்பான ஒன்றையும் மறைத்தல் முறையன்று. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, சமயத்தால் மட்டும் வேறுபட்டவர் என்று ஆய்வுரை நிகழ்த்தினார். சித்திலெப்பை தம் இதழில் அதனை வன்மையாக மறுத்தார். சட்டமன்றத்தில் தம் மக்களுக்குத் தனி இடம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்திருந்த நேரம் அது. மறுநாண்டே முஸ்லிம் உறுப்பினர் ஒருவர் நியமனம் பெற்றார். தாம் தமிழரல்லர் என்னும் வாதத்தை அவர் நல்ல தமிழில் எழுதினார் என்பதில் முரண் காண்போர் உண்டு. எனக்கு அதில் முரண் தோன்றவில்லை. மொழி எல்லார்க்கும் பொதுவான முற்றம்; அதில் நின்று தம் வழக்கை உரைக்கும் உரிமை அவர்க்கும் இருந்தது.

1892 ஆகஸ்டில் அவர்தம் நெடுநாள் முயற்சி நிலையான இடம் பெற்றது. கொழும்பு மருதானைப் பள்ளிவாசல் வளாகத்திலேயே மதரசா தொடங்கப்பெற்றது. கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டியெழுப்பிய வாப்பிச்சி மரைக்காயர் கட்டடப் பணியில் துணைநின்றார். ஒராபி பாஷாவும் உடனிருந்தார். அதுவே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரி எனப் பெயர் கொண்டது. முந்தைய பள்ளி தோற்ற இடத்தில் இது வென்றமைக்குப் பள்ளிவாசலின் அணைப்பே பெருங்காரணம் என்பது என் கருத்து. தொழுகைக்கு வரும் தந்தையின் கண்முன்னே மகன் ஆங்கிலம் படித்தான். பாங்கு கேட்டதும் புத்தகத்தை மூடித் தந்தையோடு அணியில் நின்றான். மதம் போய்விடும் என்னும் அச்சத்திற்குப் பல்லாண்டு எழுதிய தலையங்கங்களைவிட இக்காட்சி தக்க மறுமொழியாயிற்று.

வழக்கறிஞர் தொழிலின் வருவாயைத் துறந்து பொதுப்பணியில் இறங்கியவர் பிற்காலத்தில் ஆன்மிகத் தத்துவத்தில் ஆழ்ந்தார். அவர் இயற்றிய 'அஸ்றாறுல் ஆலம்' என்னும் ஞானநூல் மார்க்க அறிஞர் சிலரின் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. ஆங்கிலக் கல்விக்காக ஏச்சுப் பெற்றவர் ஞானம் பேசியும் ஏச்சுப் பெற்றார். 1898 பிப்ரவரி 5ஆம் நாள், அறுபது நிறையுமுன்னரே மறைந்தார்.

மருதானையில் அவர் விட்டுச்சென்றது சிறியதொரு பள்ளியே. டி.பி. ஜாயா 1921 முதல் 1948 வரை அதிபராயிருந்த காலத்தில் அது தலைநகரின் முன்னணிக் கல்லூரிகளுள் ஒன்றாக ஓங்கியது. அவரையடுத்து வந்த யாழ்ப்பாணத்து அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் தமிழையும் அங்கே தழைக்கச் செய்தார். சித்திலெப்பையின் பணியை எழுத்திலும் நினைவூட்டினார். 1977இல் இலங்கை அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. நம்மிற் பலர் நூல்வழி நன்கறிந்த திறனாய்வாளர், வடமராட்சிக் கரவெட்டியில் பிறந்த கார்த்திகேசு சிவத்தம்பி, பயின்ற கல்லூரி அதுவே. பின்னர் அங்கு ஆசிரியராகவும் இருந்தார்.