ஆய்வகமும் ஆலையும்

ராவல்பிண்டி வட்டாரத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டிய அட்டாக் எண்ணெய் நிறுவனத்திற்கு விந்தையான இடர் ஒன்று நேர்ந்தது. துளைக்கும் கருவி சூடேறாதிருக்கவும், வெட்டுண்ட பாறைத் துகள்கள் மேலேறி வரவும் சேற்றுக் குழம்பைத் துளைக்குள் செலுத்துவது வழக்கம். நிலத்தடி உப்புநீர் பட்டதும் அக்குழம்பு இறுகிப்போயிற்று. துளையிடும் பணி தடைப்பட்டது. நிறுவனத்தார் லாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியரை நாடினர். அவரே சாந்தி ஸ்வரூப் பட்நாகர்.

1894ஆம் ஆண்டு பேரா என்னும் ஊரில் பிறந்த பட்நாகர், எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். பொறியாளரான தாய்வழிப் பாட்டனார் அவரை வளர்த்தார். கருவிகளின்மீது அவருக்குப் பற்று அங்கேயே அரும்பியது. 1921இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் முனைவரானார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபின் 1924இல் லாகூர் சென்றார். உருதுக் கவிதையிலும் அவர் வல்லவர்.

சேற்றின் சிக்கலைக் கூழ்ம வேதியியலின் சிக்கலாக அவர் கண்டார். உப்பின் அயனிகள் களிமண் துகள்களைத் திரளச் செய்வதாலேயே குழம்பு இறுகுகிறது. இந்தியப் பிசின் ஒன்றைக் கலந்ததும் துகள்கள் திரளாது நின்றன. குழம்பு இளகிப் பாய்ந்தது. விலையுயர்ந்த எந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மகிழ்ந்த நிறுவனத்தார், பெட்ரோலிய ஆய்வுக்கென 1,50,000 ரூபாயை அவருக்கு அளிக்க முன்வந்தனர். அந்நாளில் அது பெருஞ்செல்வம். பட்நாகரோ அதனைப் பல்கலைக்கழகத்தின் வழியாகவே வழங்கச் செய்தார். பெட்ரோலிய ஆய்வுத் துறை உருவாயிற்று. இளம் ஆய்வாளர்கள் உதவித்தொகை பெற்றனர். ஐந்தாண்டுக்கென வகுத்த திட்டம் பின்னர்ப் பத்தாண்டாக நீண்டது. பணம் தனியொருவர் கைக்கு வந்திருந்தால் சேற்றுக்குத் தீர்வு கண்டதோடு உறவு முடிந்திருக்கும். ஆசிரியரும் ஆலையின் ஊழியராகியிருக்கக்கூடும். துணி ஆலைகளும் எண்ணெய் ஆலைகளும் பின்னர் அவரை நாடி வந்தபோதும், தம் கண்டுபிடிப்புகளால் தமக்குப் பொருள் சேர்த்துக்கொள்ள அவர் இசையவில்லை.

லாகூரில் கைக்கொண்ட முறையையே நாடளவிலும் அவர் விரித்தார். ஆய்வின் பயனைப் பெறும் தொழிற்சாலைகள் உரிமத்தொகை செலுத்த வேண்டும். அத்தொகை மேலும் ஆய்வு நடத்தத் தனி நிதியாக வேண்டும் என அரசை இணங்கச் செய்தார். 1942இல் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பெற்றது. அவர் தலைமையில் நாடெங்கும் தேசிய ஆய்வகங்கள் எழுந்தன. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் அமைய, தொழிலதிபர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. ஈராண்டு நிறையுமுன், 1955 ஜனவரி முதல் நாளில் பட்நாகர் மறைந்தார்.