மண்ணுக்கு வைத்தியம் பார்த்த மாமனிதர்

நண்பர்களே, சிவில் படிக்கிற எனக்கு மண் என்றாலே லேப்தான் ஞாபகம் வரும். எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு ஈரம் இருக்கு என்று சோதிப்போம், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவோம், அதோடு சரி. அந்த மண்ணுக்கும் பசி உண்டு, களைப்பு உண்டு, வைத்தியம் பார்த்தால் பிழைத்துக்கொள்ளும் என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு மனிதரின் வாழ்க்கை. அவர்தான் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், டைமண்ட் என்ற சிற்றூருக்கு அருகே, ஏறக்குறைய 1864-இல் பிறந்தார். அடிமைத் தாயின் பிள்ளைக்குப் பிறந்த தேதியை யார் குறித்து வைப்பார்கள்? கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு கொள்ளைக் கும்பல் தாயையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனது. பிள்ளை மட்டும் திரும்பக் கிடைத்தான். தாய் என்ன ஆனாள் என்று கடைசிவரை தெரியவில்லை. 1865-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, எஜமானராக இருந்த மோசஸ் கார்வரும் அவர் மனைவி சூசனும்தான் வளர்த்தார்கள். நோஞ்சான் உடம்பு, கடுமையான வேலைக்கு லாயக்கில்லை. ஆனால் செடி கொடிகளோடு அப்படி ஒரு சிநேகம்! வாடின செடியைக் கொடுத்தால் தேற்றிக் கொடுப்பான் என்று அக்கம்பக்கத்தில் பேர் வாங்கினான்.

படிப்புக்காக ஊர் ஊராக அலைந்தார். துணி துவைத்தார், சமையல் செய்தார். கான்சாஸில் ஒரு கல்லூரி இடம் கொடுத்துவிட்டு, நேரில் வந்தவரின் கறுப்பு நிறத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தியது. மனம் தளரவில்லை. 1891-இல் அயோவா விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படித்த முதல் கறுப்பின மாணவர் அவர்தான். 1894-இல் பட்டம், 1896-இல் முதுகலைப் பட்டம்.

அதே ஆண்டு புக்கர் டி. வாஷிங்டன் அழைக்க, அலபாமாவிலுள்ள டஸ்கெகி நிறுவனத்துக்குப் போனார். கறுப்பின இளைஞர்கள் படிப்போடு தொழிலும் கற்ற இடம் அது. மாணவர்களே செங்கல் அறுத்துத் தங்கள் கட்டிடங்களைக் கட்டினார்கள். போன இடத்தில் ஆய்வுக்கூடம் கிடையாது. குப்பையில் கிடந்த பாட்டில், உடைந்த விளக்கு இதையெல்லாம் பொறுக்கி வந்து உபகரணமாக்கிக் கொண்டார்.

சுற்றிலும் நிலம் செத்துக்கொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பருத்தி, பருத்தி, பருத்திதான். மண்ணிலிருந்த சத்தை உறிஞ்சியாச்சு. திருப்பிக் கொடுத்தவர் யாருமில்லை. மூடாக்கு இல்லாத மேல்மண்ணை மழை அரித்துக்கொண்டு போக, வயலெல்லாம் பள்ளம் விழுந்தது.

காசு கொடுத்து உரம் வாங்க ஏழைக்கு வழி ஏது? அதனால் கார்வர் காசில்லாத வைத்தியம் தேடினார். காட்டுச் சருகையும் சதுப்பு நிலச் சேற்றையும் மட்க வைத்து வயலில் போடச் சொன்னார். ஆழ உழச் சொன்னார். பருத்தியை மாற்றிக் காராமணி, நிலக்கடலை போடச் சொன்னார். கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் சிறுசிறு முடிச்சுகள் தெரியும். அவற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றுகின்றன. செடியே நடத்தும் உரத் தொழிற்சாலை அது! தேய்ந்துபோன மண்ணைத் தேற்றுவது எப்படி என்று 1905-இல் ஒரு சிறு வெளியீடே எழுதினார். 1906-இல் ஒரு குதிரை வண்டியில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றி, பள்ளிக்கூடத்தையே விவசாயி வீட்டு வாசலுக்கு அனுப்பிவைத்தது டஸ்கெகி.

இவ்வளவு சொல்லியும் விவசாயி ஏன் தயங்கினான்? இங்கேதான் விஷயமே இருக்கு. அவன் பயிரிட்டது வாரத்துக்கு வாங்கின நிலம். விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடன் கொடுத்த கடைக்காரர் பருத்தியை நம்பித்தான் கொடுத்தார். கடலை போட்டால் யார் வாங்குவது? மண்ணின் நோய்க்கு வேர் கடனில் இருந்தது. கார்வர் அதைப் புரிந்துகொண்டார். கடலையை வைத்து என்னென்ன செய்யலாம் என்று 1916-இல் 105 பக்குவங்களை எழுதி வெளியிட்டார். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவர் என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை, அவருக்கு முன்பே அது இருந்தது. 1910-களில் அலபாமாவின் பருத்தியைக் கூன்வண்டு நாசமாக்கியதும் கடலை பக்கம் விவசாயிகள் திரும்ப ஒரு காரணம். 1921-இல் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன் கடலைக்காகப் பேசப் போனார். ஒதுக்கியது பத்து நிமிஷம். கேட்டவர்கள் சொக்கிப்போய் மேலும் நேரம் கொடுத்தார்கள்.

1943 ஜனவரி 5-இல் மறையும்வரை டஸ்கெகியை விட்டு அவர் போகவே இல்லை. 46 ஆண்டுகளுக்கும் மேல்! கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேமிப்பில் ஏறக்குறைய 60,000 டாலரை ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்.

நண்பர்களே, ஒரு அடி மேல்மண் உருவாக எத்தனையோ நூற்றாண்டு வேணும். அது கரைந்து ஓட நாலு மழை போதும். நாளைக்கு நாம் ரோடு போடுவோம், வாய்க்கால் வெட்டுவோம், பம்ப்செட் மாட்டுவோம். எந்த வேலை செய்தாலும் நம் காலடியில் இருப்பது நம் பேரப்பிள்ளைகளின் சோறு. சர்டிபிகேட்டோடு இந்த நினைப்பையும் எடுத்துக்கொண்டு போனால், நாம் படித்த படிப்புக்கு அர்த்தம் உண்டு.