மருத்துவர் காதம்பினி கங்குலி

பிழைப்பு நாடி வங்கத்திற்கு வந்து, இதனையே இரண்டாம் தாயகமாகக் கொண்டு வாழும் தமிழர் நாம். இந்நாட்டுப் பெரியோர் சரிதங்களை அறிதல் நம் கடமையாகும். அவ்வகையில், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் முதன்முதலாகப் பயின்ற பெண்மணியின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூற முற்படுகிறோம்.

காதம்பினி அம்மையார் 1861ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தையார் பிரஜகிஷோர் பாசு பாகல்பூரில் பள்ளித் தலைமையாசிரியர். பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். பெண்ணுக்கு எழுத்தறிவே வேண்டாவென்றிருந்த காலத்தில், அம்மையார் 1878இல் கல்கத்தா சர்வகலாசாலையின் பிரவேசப் பரீட்சையில் தேறினார். 1883இல் சந்திரமுகி பாசு என்னும் மங்கையுடன் பி.ஏ. பட்டமும் பெற்றார். அச்சர்வகலாசாலையின் முதற் பெண் பட்டதாரிகள் இவ்விருவரே.

பின்னர் மருத்துவம் பயில விழைந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியோ அதுவரை பெண்களைச் சேர்த்ததில்லை. நம் சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே அவர்களைச் சேர்த்துக்கொண்டது. அதனாலேயே, பிற்காலத்தில் ஜகதீஷ் சந்திர போஸின் மனைவியாரான அபலா தாஸ், 1882இல் மருத்துவம் கற்கச் சென்னைக்குச் செல்ல நேர்ந்தது. நாம் வேலை தேடி வங்கம் வந்தோம்; அன்று வங்க மங்கை கல்வி தேடித் தமிழகம் சென்றார். இது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியன்றோ!

காதம்பினி கல்கத்தாவிலேயே இடம் கோரினார். பெண்கல்விக்காக ஓயாது வாதாடிய துவாரகநாத் கங்குலி துணைநின்றார். 1883இல் அவரையே அம்மையார் மணந்தார். அவ்வாண்டே கல்லூரியும் இணங்கிற்று.

1886இல் ஒரு பாடத்தில் அவர் தேறவில்லை என்று முடிவாயிற்று. பெண்கள் மருத்துவம் கற்பதை விரும்பாத ஆசிரியர் ஒருவரே அதற்குக் காரணம் என்பர். ஆகவே சர்வகலாசாலைப் பட்டம் கிட்டவில்லை. கல்லூரி அளித்த ஜி.பி.எம்.சி. என்னும் பட்டயமே கிட்டிற்று. மருத்துவம் செய்ய அது போதும். 1888இல் டப்ரின் சீமாட்டி மருத்துவமனையில் மாதம் 300 ரூபாய் ஊதியத்தில் அமர்ந்தார். எனினும் ஐரோப்பியப் பெண் மருத்துவர்களுக்குச் சமமான மதிப்பு அவருக்குக் கிட்டவில்லை. இரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் நமக்கு இந்நிலை நன்கு விளங்கும். எத்துணைத் திறமையிருப்பினும், இலாகாப் பரீட்சை தேறாதார் மேல் நாற்காலியை எட்டுதல் அரிது.

1891இல் ‘பங்கபாசி’ இதழ் அம்மையாரின் ஒழுக்கத்தை இழித்து எழுதிற்று. வழக்குத் தொடுக்கப்பட்டது; அதன் ஆசிரியர் ஆறு திங்கள் சிறையும் 100 ரூபாய் அபராதமும் பெற்றார்.

அம்மையார் அத்துடன் அமையவில்லை. 1893இல் குழந்தைகளை உற்றார் பொறுப்பில் விட்டுக் கடல் கடந்தார். ஸ்காட்லாந்தில் எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் மூன்று மருத்துவக் கழகங்கள் சேர்ந்து வழங்கும் உரிமத்தைப் பெற்று மீண்டார். பிரிட்டன் மருத்துவப் பதிவேட்டிலேயே பெயர் பதியத் தகுதி தருவது அது. தகுதியில்லை என்று கூற இனி எவருக்கும் வாயில்லாமற் போயிற்று.

மருத்துவரைப் பதிவு செய்யும் சட்டம் வங்கத்திலும் சென்னை மாகாணத்திலும் 1914இல்தான் வந்தது. அகில இந்தியக் கவுன்சிலுக்கான சட்டம் 1933இல் இயற்றப்பட்டது. 2020 முதல் தேசிய மருத்துவ ஆணையம் அப்பணியை ஏற்றுள்ளது. போலி மருத்துவரிடமிருந்து நோயாளியைக் காக்க உரிமம் வேண்டுவதே. ஆனால், தகுதியை அளக்கும் கோல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும்.

1923 அக்டோபர் 3ஆம் நாள், நோயாளிக்குச் சிகிச்சை செய்து திரும்பிய அன்றே அம்மையார் உயிர் நீத்தார்.

இன்று மருத்துவக் கல்லூரிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாணவியர். எனினும் தொழிலில் நிலைத்திருப்போருள் பெண்கள் குறைவே. பட்டம் பெற்ற மகளையும் மருமகளையும் மணமானதும் வீட்டிலிருத்தும் வழக்கம் நம்மவரிடையேயும் உண்டு. எட்டுக் குழந்தைகளைப் பேணியவாறே இறுதி நாள்வரை தொழிலைக் கைவிடாத அம்மையாரை நாம் நினைவிற் கொள்வோமாக. வாழ்க அன்னார் புகழ்!