வெண்காட்டில் கேட்ட வரம்
மெய்கண்டார் பிறந்த வரலாறு

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர்களில் பலர், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளை வரம் வேண்டி ஒரு கோவிலுக்கும் போய் வருவதுண்டு. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் அப்படிப் போய் நின்ற ஒரு தம்பதியருக்குப் பிறந்தவர்தான், சைவ சித்தாந்தத்தின் தலை நூலான சிவஞான போதத்தை அருளிய மெய்கண்டார்.

ஏடு காட்டிய வழி

விருத்தாசலத்தை அடுத்த பெண்ணாடம் அக்காலத்தில் திருப்பெண்ணாகடம் எனப்பட்டது. அங்கே அச்சுத களப்பாளர் என்ற சிவபக்தர் வாழ்ந்தார். செல்வம் இருந்தது, மழலை இல்லை. கணவனும் மனைவியும் மனம் வாடினர். ஆனால் தாமாக ஒரு பரிகாரம் தேடி அவர்கள் ஓடவில்லை. இறைவன் திருவுள்ளம் என்ன என்று அறிய விரும்பித் தங்கள் குலகுருவான சகலாகம பண்டிதரை அணுகினார்கள்.

குருநாதர் தேவார ஏட்டைப் பூசித்துக் கயிறு சாத்திப் பார்த்தார். கட்டுக்குள் நூலை நுழைத்து, அது விழுந்த ஏட்டைப் பிரித்துப் படிப்பது அன்றைய வழக்கம். திருஞானசம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. அங்குள்ள முக்குளத்தில் நீராடுவோர் பிள்ளைப் பேறு பெறுவர் என்ற கருத்துடைய பாடல் அதில் இருக்கிறது.

கனவில் வந்த மறுப்பு

சீர்காழிக்கு அருகிலுள்ள திருவெண்காட்டுக்குத் தம்பதியர் சென்றார்கள். சூரியன், சந்திரன், அக்கினி பெயர் கொண்ட மூன்று தீர்த்தங்களிலும் நாள்தோறும் மூழ்கி இறைவனை வழிபட்டார்கள்.

ஒருநாள் கனவில் இறைவன் தோன்றினார். ஆனால் சொன்னதோ இடி போன்ற செய்தி. இப்பிறவியில் உங்களுக்குப் பிள்ளைப் பேறு இல்லை என்றார்.

வேறொருவராயிருந்தால் அழுதிருப்பார், அல்லது ஆண்டவனையே நொந்திருப்பார். களப்பாளர் கலங்கவில்லை. சம்பந்தப் பெருமான் வாக்கை நம்பி வந்தோம், இப்பிறவியில் கிடையாவிட்டாலும் அந்த நம்பிக்கையை விடமாட்டோம் என்று பணிவோடு விண்ணப்பித்தார். அந்த உறுதிக்கு இறைவன் இரங்கினார். சம்பந்தரைப் போலவே சைவம் தழைக்கச் செய்யும் மகன் பிறப்பான் என்று அருளினார் என்பது வரலாறு.

குருவுக்கே குரு

பிறந்த குழந்தைக்குச் சுவேதவனப் பெருமாள் என்று பெயரிட்டார்கள். சுவேதவனம் என்றால் வெண்காடு. பின்னர் தாய்மாமன் அவனைத் திருவெண்ணெய்நல்லூருக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். சுந்தரரை இறைவன் தடுத்தாட்கொண்ட அதே தலம்.

அங்கே 3 வயதில் பரஞ்சோதி முனிவர் அக்குழந்தைக்கு உபதேசம் செய்து மெய்கண்டார் என்ற பெயரைச் சூட்டினார். பொல்லாப் பிள்ளையார் சந்நிதியில் அமர்ந்து சிந்தித்த அவர், இறைவன், உயிர், உயிரைப் பிணிக்கும் மலம் ஆகிய மூன்றின் இயல்பையும் 12 சூத்திரங்களில் அடக்கினார். அதுவே சிவஞான போதம். 1895-ல் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

சிறுவனின் புகழ் கேட்டுச் சகலாகம பண்டிதர் பொறுக்கவில்லை. நேரில் வந்து, ஆணவத்தின் வடிவம் எது என்று வினவினார். மெய்கண்டார் வாய் திறவாமல், நின்றவரையே விரலால் சுட்டினார். பண்டிதரின் செருக்கு அடங்கியது. காலில் விழுந்து சீடரானார். அவரே அருணந்தி சிவாச்சாரியார்; சிவஞான சித்தியாரை இயற்றியவர். அன்று ஏட்டைப் பிரித்து வழிகாட்டியவருக்கே, அந்த ஏட்டால் பிறந்த பிள்ளை வழிகாட்டினார்.

ஐப்பசி மாதம் சுவாதி நட்சத்திரத்தில் மெய்கண்டார் குருபூசை நடைபெறுகிறது. அன்று மகனைப் போற்றுகிறவர்கள் தந்தையையும் நினைக்க வேண்டும். பிள்ளை கேட்கும் முன் அவர் வழி கேட்டார். இல்லை என்ற பதில் வந்த பிறகும் கும்பிட்ட கையை இறக்கவில்லை. பெற்றோராக விரும்புவோருக்கு அவர் வாழ்க்கை சொல்லும் பாடம் அதுதான்.